வயற்குடிலுக்கு வெளிச்சம்: சூரிய ஒளியாற் சிறு மின்னமைப்பு அமைத்தல்

வன்னிப் பெருநிலத்திற் கமஞ்செய்வோருக்கு இரவு முழுவதும் ஓய்வுக்குரியதன்று. காலபோக நெல் குடலைப் பருவத்தை அடைந்தது முதல் சூடு அடித்து முடியும் வரை யானைக்கும் பன்றிக்கும் காவல் இருத்தல் வேண்டும். முறைத் தண்ணீர் நள்ளிரவில் வந்தாலும் எழுந்து சென்று வாய்க்காலைத் திருப்புதல் வேண்டும். வரம்பிலே விரியன் பாம்பு கிடப்பதும் அவ்வேளையிலேயாம். முல்லைத்தீவுக் கரையோரத்து வாடிகளில் தங்கும் கடற்றொழிலாளரின் நிலையும் இதற்கு ஒப்பானதே.

தேசிய மின்வலை இப்பொழுது வன்னியின் மிகப் பல ஊர்களை எட்டியுள்ளது. எனினும் மின்கம்பம் நிற்கும் தெருவிலிருந்து ஒரு மைலோ இரண்டு மைலோ அப்பால் உள்ள வயற்குடிலுக்கும், காட்டோர மேட்டுநிலத் தோட்டத்துக்கும் மின்கம்பி இழுத்தல் பெருஞ்செலவாகும். ஆகையால் அவ்விடங்களில் மண்ணெண்ணெய் விளக்கே இன்னும் எரிகின்றது. கிடுகால் வேய்ந்த குடிலில் ஒரு குப்பி விளக்கு சரிந்தாற் கூரையும் பாயும் ஆடையும் ஒருங்கே பற்றிக்கொள்ளும். இத்தகைய தீக்காயங்களுக்குச் சிகிச்சை செய்துவந்த இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரிந்தாலும் உருளாத கட்டையான கனத்த கண்ணாடி விளக்கொன்றை வகுத்தமைக்காக 1998ஆம் ஆண்டில் றோலெக்ஸ் விருது பெற்றார் என்பதிலிருந்து இவ்வாபத்தின் அளவு விளங்கும்.

இரண்டு மூன்று மின்குமிழும் ஒரு வானொலியும் இயங்கத்தக்க சிறு மின்னமைப்பை, ஓரளவு கைவேலை தெரிந்த எவரும் தம் குடிலில் தாமே அமைத்துக்கொள்ளலாம். அதன் முறையை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

1. சென்ற கால அனுபவம்

தாமே மின் ஆக்கும் தொழில் வன்னி மக்களுக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர், போர் காரணமாக வன்னியின் பெரும்பகுதியும் யாழ்ப்பாணக் குடாநாடும் பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தன. மின்கலங்களும் எரிபொருளும் உள்ளே வருதற்குத் தடையும் கட்டுப்பாடும் நிலவின. அக்காலத்தில் மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, சில்லோடு உராயும் டைனமோவிலிருந்து பெற்ற மின்னைக் கொண்டு வானொலியில் செய்தி கேட்டனர். டைனமோ தருவது திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டமாதலால், அதனை ஒருதிசைப்படுத்த இருவாயிகளை இணைக்கும் வித்தையும் ஊர்தோறும் பரவியிருந்தது.

அந்த அனுபவத்திலிருந்து ஒரு கணக்கைக் கற்றுக்கொள்ளலாம். சைக்கிள் டைனமோ சாதாரணமாகத் தருவது 6 உவோற்று அழுத்தத்தில் 3 உவாற்று வலு. ஒரு மணி நேரம் சுற்றினாற் கிடைப்பது 3 உவாற்று-மணி. பின்னே காட்டப்படும் ஒரு சிறு குடிலின் ஒருநாள் தேவை 100 உவாற்று-மணி. அதனை டைனமோவாற் பெறுவதாயின் 33 மணி நேரம் இடைவிடாது சுற்றுதல் வேண்டும். ஒரு நாளிலோ 24 மணி நேரமே உண்டு. கையாற் சுற்றியவர்கள் ஒவ்வொரு நிமிட மின்னின் அருமையையும் அறிந்திருந்தனர். சூரியன் தரும் மின்னுக்கு உழைப்பு வேண்டாமையால் அந்த அருமை எளிதில் மறக்கப்படுகின்றது. சூரிய மின்னமைப்புக்கள் பல விரைவிற் கெடுவதற்கு இம்மறதியே முதற் காரணமாகும்.

2. அமைப்பின் தன்மை

குளத்து நீரைக் கொண்டு கமஞ்செய்வோர்க்கு இவ்வமைப்பை விளங்கிக்கொள்ளுதல் கடினமன்று. வெயிலைப் பெற்று மின்னாக்கும் சூரியப்படல், குளத்துக்கு நீர் தரும் ஆற்றைப் போன்றது. மின்னைச் சேமிக்கும் பற்றரி, குளத்தைப் போன்றது. இரண்டுக்கும் இடையில் நிற்கும் மின்னேற்றக் கட்டுப்படுத்தி, வானையும் துருசையும் ஒருங்கே கவனிக்கும் காவலாளியைப் போன்றது. குளம் நிறைந்தபின் வரவை நிறுத்தும், நீர்மட்டம் மிகத் தாழ்ந்தபின் துருசை அடைக்கும். உவோற்று என்பது நீரின் உயரத்தால் உண்டாகும் அழுத்தத்துக்கும், அம்பியர் என்பது வாய்க்காலிற் பாயும் நீரின் அளவுக்கும் ஒப்பாகும். இரண்டையும் பெருக்க வருவது உவாற்று.

சிலிக்கனாலான பயன்படத்தக்க சூரியக்கலம் 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் செய்து காட்டப்பட்டது. அது தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கை மட்டுமே மின்னாக்கியது. இன்று கடைகளில் விற்கப்படும் படல்கள் நூற்றுக்கு 20 பங்களவில் மாற்றுகின்றன. இலங்கையில் 1997ஆம் ஆண்டு தொடங்கி உலக வங்கியின் கடனுதவியுடன் நடந்த திட்டங்களின் வாயிலாக ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட கிராம வீடுகள் இத்தகைய சிறு அமைப்புக்களைப் பெற்றன. ஆகவே இம்முறை பரீட்சித்துத் தேறிய முறையாகும்.

3. முதலிற் செய்ய வேண்டியது கணக்கே

சிறுபோகம் தொடங்குமுன் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடி, குளத்தில் நிற்கும் நீரின் அளவைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் எனத் தீர்மானிப்பது வன்னியின் வழக்கம். நீரை அளவாது விதைத்தால் நெல் கதிராகும் வேளையிற் குளம் வற்றிவிடும் என்பதை யாவரும் அறிவர். அத்தகைய கூட்டமொன்றைக் குடும்பத்தார் குடிலிலும் நடத்துதல் வேண்டும். எந்தக் கருவி எத்தனை உவாற்று, எத்தனை மணி நேரம் இயங்கும் என்று கடதாசியில் எழுதுதல் வேண்டும். அதன்பின்னரே கடைக்குச் செல்லுதல் வேண்டும்.

உதாரணமாக ஒரு குடிலின் கணக்கு வருமாறு:

உள்ளே 5 உவாற்று மின்குமிழ் இரண்டு, 4 மணி நேரம்: 40 உவாற்று-மணி.
வெளியே காவலுக்கு 3 உவாற்று மின்குமிழ் ஒன்று, 10 மணி நேரம்: 30 உவாற்று-மணி.
5 உவாற்று வானொலி, 4 மணி நேரம்: 20 உவாற்று-மணி.
கைத்தொலைபேசி மின்னேற்றல்: 10 உவாற்று-மணி.
ஒருநாள் மொத்தம்: 100 உவாற்று-மணி.

மின்குமிழ்கள் யாவும் 12 உவோற்றில் எரியும் எல்.ஈ.டி. வகையாய் இருத்தல் வேண்டும். இவ்வகையில் 5 உவாற்றுக் குமிழ், பழைய இழைக்குமிழில் 40 உவாற்று தரும் ஒளியை ஏறத்தாழத் தரும். இழைக்குமிழ் ஒன்றை 4 மணி நேரம் எரித்தால் 160 உவாற்று-மணி செலவாகும்; அது குடிலின் முழுநாட் பங்கிலும் அதிகமாம்.

சூரியப்படலின் அளவு: பற்றரியிலும் கம்பியிலும் வெப்பத்தாலும் தூசியாலும் ஒரு பங்கு இழக்கப்படும். அதனை ஈடுசெய்ய 100 ஐ 1.4 ஆற் பெருக்குக, 140 வரும். வன்னியில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மணி நேர முழு வெயிலுக்கு நிகரான ஒளி கிடைப்பினும், மாரிகாலத்தில் அது பெரிதுங் குறையும். காவலுக்கு ஒளி மிகத் தேவைப்படுவதும் அக்காலமே. ஆதலால் 3 மணி நேரமே கிடைக்கும் எனக் கொள்ளுதல் நலம். 140 ஐ 3 ஆற் பிரிக்க 47 வரும்; 50 உவாற்றுப் படல் போதும்.

பற்றரியின் அளவு: கார்த்திகையில் மூன்று நாள் தொடர்ந்து மூடம் போடுதல் புதிதன்று. மூன்று நாட்டேவை 300 உவாற்று-மணி. ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தல் தகாது. ஆகவே 600 உவாற்று-மணி கொள்ளும் பற்றரி வேண்டும். 600 ஐ 12 உவோற்றாற் பிரிக்க 50 அம்பியர்-மணி என விடை வரும்.

4. வாங்க வேண்டியவையும் வீட்டிற் செய்யத்தக்கவையும்

சூரியப்படல், பற்றரி, 10 அம்பியர்க் கட்டுப்படுத்தி, 10 அம்பியர் உருகி, ஆளிகள், மின்குமிழ்கள், செம்புக் கம்பி, மின்னழுத்தம் பார்க்கும் பன்மானி ஆகியன வாங்க வேண்டியவை. படலைத் தாங்கும் கம்பம், பற்றரிப் பெட்டி, ஆளிகள் பூட்டும் பலகை, குமிழ்த்தாங்கி என்பன வீட்டிலேயே செய்யத்தக்கவை. கட்டுப்படுத்தியைத் தாமே செய்ய முயலுதல் கூடாது. அதிற் பிழை நேரின் பற்றரி முழுதும் நட்டமாகும்.

உழவியந்திரத்திலோ லொறியிலோ இருந்து கழற்றிய பற்றரியைப் பயன்படுத்தலாமோ எனப் பலர் வினவுவர். வாகனப் பற்றரி, இயந்திரத்தைத் தொடக்கும் ஒரு கணத்திற்குப் பேரளவு மின்னைத் தருதற்கென மெல்லிய தகடுகளாற் செய்யப்பட்டது. ஒவ்வோர் இரவும் ஆழமாக எடுத்தால் அத்தகடுகள் விரைவிற் சிதையும். சூரிய அமைப்புக்கென விற்கப்படும் தடித்த தகடுள்ள பற்றரியே ஏற்றது. இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி இப்பொழுது கிடைக்கின்றது. விலை கூடியதாயினும் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதற்குப் பொருந்தும் கட்டுப்படுத்தியையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

5. அமைக்கும் முறை

(அ) கம்பம்: கிடுகுக் கூரை காலந்தோறும் பிரித்து வேயப்படுவதாலும், காற்றுக்கு அசைவதாலும், படலைக் கூரைமேற் பூட்டுதல் தகாது. பழைய முதிரைக் கப்பு ஒன்றையோ இரண்டங்குல இரும்புக் குழாயையோ முற்றத்தில் முக்கால் மீற்றர் ஆழத்துக்குப் புதைத்து, மாடு எட்டாத உயரத்திற் படலைப் பூட்டுக. சோளகக் காற்று வன்னியிற் கடுமையாக வீசுமாதலால் நான்கு மூலைகளிலும் ஆணியும் சுரையும் இட்டு இறுக்குதல் அவசியம்.

(ஆ) சரிவு: வன்னி வடக்கு அகலக்கோடு 8½ பாகைக்கும் 9½ பாகைக்கும் இடையில் உள்ளது. மாரிகாலத்திற் சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும். ஒளி குறைந்த அக்காலத்தை நோக்கிப் படல் தெற்குமுகமாக 12 முதல் 15 பாகை வரை சரிந்திருத்தல் வேண்டும். படலின் நீளம் 60 சதமமீற்றராயின், வடக்கு விளிம்பைத் தெற்கு விளிம்பிலும் 12 முதல் 15 சதமமீற்றர் உயர்த்தினால் இச்சரிவு வரும். மழைநீரும் தங்காது வழிந்தோடும்.

(இ) நிழல்: படலிலுள்ள கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. வாய்க்காலின் ஓரிடத்தில் மண் விழுந்தால் முழு ஓட்டமும் தடைப்படுதல் போல, ஒரு பனையோலையின் நிழல் சில கலங்களில் விழுந்தாலே படலின் மின் பெரிதுங் குறையும். காலை 9 மணியிலிருந்து மாலை 3 மணி வரை எந்த நிழலும் விழாத இடத்தை, கம்பம் நடுமுன் ஒருநாள் இருந்து பார்த்துத் தெரிதல் வேண்டும்.

(ஈ) கம்பி: ஒரே உவாற்றுக்கு 12 உவோற்றிற் பாயும் ஓட்டம், 230 உவோற்று வீட்டு மின்னிற் பாய்வதிலும் ஏறத்தாழ 19 மடங்காகும். மெல்லிய கம்பியில் அது வெப்பமாக விரயமாகும். படலிலிருந்து கட்டுப்படுத்திக்கும், அங்கிருந்து பற்றரிக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செம்புக் கம்பியும், குமிழ்களுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியும் இடுக. படலுக்கும் பற்றரிக்கும் இடைத்தூரம் 6 மீற்றருக்கு மேற்படாதிருத்தல் நன்று. நேர்முனைக்குச் சிவப்பும் மறைமுனைக்குக் கறுப்பும் என்னும் ஒழுங்கு எங்கும் மாறலாகாது.

(உ) பற்றரிப் பெட்டி: கறையான் ஏறாதபடி கல்லின்மேல் வைத்த மரப்பெட்டியிற் பற்றரியை வைக்க. மின்னேற்றும்போது எளிதிற் பற்றும் ஐதரசன் வாயு வெளிப்படுமாதலால், மேற்புறத்திற் காற்றுப் போக வழி விடுதல் வேண்டும். குழந்தைகள் திறவாதபடி கொளுவி இடுக.

(ஊ) உருகி: பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் உருகி இடம்பெறுதல் வேண்டும். 12 உவோற்று மனிதருக்கு அதிர்ச்சி தராது. அதனால் ஆபத்தில்லை என எண்ணுவோர் உளர். எலி கடித்த இரு கம்பிகள் தொட்டால் அச்சிறு பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரே கணத்திற் பாய்ச்சும். கம்பி பழுத்துக் கிடுகு பற்றும். உருகி இல்லாத மின்னமைப்பு, சரிந்த குப்பி விளக்கிலும் பாதுகாப்பானதன்று.

(எ) இணைக்கும் ஒழுங்கு: முதலிற் பற்றரியைக் கட்டுப்படுத்தியுடன் இணைக்க, அடுத்துப் படலை இணைக்க, இறுதியிற் குமிழ்களை இணைக்க. கழற்றும்போது இதன் எதிர் ஒழுங்கைக் கைக்கொள்க. கட்டுப்படுத்தி முதலிற் பற்றரியை அறிந்துகொண்டாலன்றிச் சரிவரத் தொழிற்படாது.

6. பற்றரியைப் பேணல்

படல் இருபது ஆண்டுக்கு மேலும் உழைக்கவல்லது. இவ்வமைப்பில் முதலிற் கெடுவது பற்றரியே. திரும்பத் திரும்பப் பணம் கேட்பதும் அதுவே. எனவே ஒரு பருவத்து வருமானத்திலிருந்து வாங்கிய பற்றரி இரண்டாம் மாரியைக் காணுமோ காணாதோ என்பது பெரும்பாலும் உடையவர் கையிலேயே தங்கியுள்ளது.

கெடுதல் வழக்கமாக நிகழும் முறை இதுவாகும். அமைப்பு பூட்டி ஒரு மாதம் யாவும் நன்றாக நடக்கும். பின்னர் 30 உவாற்றுத் தொலைக்காட்சி ஒன்று குடிலுக்கு வரும். அதனை மூன்று மணி நேரம் பார்த்தால் 90 உவாற்று-மணி. நாட்செலவு ஏறத்தாழ இரட்டிக்கும். நல்ல வெயிற்காலத்தில் அதன் தீமை வெளியே தெரியாது. கார்த்திகை மூடத்திற் பற்றரி அடிமட்டத்துக்கு இறங்கும்; கட்டுப்படுத்தி குமிழ்களை அணைக்கும். அவ்வேளை சிலர் கட்டுப்படுத்தியைத் தவிர்த்துப் பற்றரியிலிருந்து நேரே கம்பி இழுப்பர். வெறுமையாய்க் கிடக்கும் ஈயத் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படியும். பின்பு எத்துணை வெயில் காய்ந்தாலும் அது முற்றாகக் கரையாது. யானை வரம்பேறும் இரவில் விளக்கு எரியாது நிற்கும்.

இதனைத் தவிர்க்க, ஒவ்வொரு நாளும் சூரியன் படலில் விழுமுன், குமிழ்களை அணைத்துச் சிறிது நேரம் சென்றபின் பன்மானியாற் பற்றரியின் அழுத்தத்தைப் பார்த்தல் வேண்டும். 12.7 உவோற்று எனின் பற்றரி நிறைந்துள்ளது. 12.2 எனின் பாதி. 12.0 க்குக் கீழ் எனின் அன்றிரவு காவல் விளக்கு மட்டுமே எரிதல் வேண்டும். நீர் குறைந்த சிறுபோகத்திற் பங்கு குறைத்து விதைப்பது போல, வானொலியை முதலிலும், உள்விளக்கு ஒன்றை அடுத்தும் நிறுத்துதல் முறை.

நீர் ஊற்றும் வகைப் பற்றரியாயின் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, தகடுகளுக்கு மேல் ஒரு சதமமீற்றர் உயரத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் நிற்கச் செய்க. கிணற்று நீர் கூடாது. வன்னிக் கிணறுகள் பலவற்றின் நீரில் உள்ள சுண்ணாம்பும் உப்பும் தகடுகளைக் கெடுக்கும். முனைகளுக்கு வசிலின் பூசுக. உப்புக்காற்று வீசும் கரையோர வாடிகளில் இது மிக அவசியம். படலைக் கிழமைக்கு ஒருமுறை அதிகாலையில் தண்ணீர் விட்டுத் துணியாற் கழுவுக.

பருவம் முடிந்தபின் பற்றரியைக் குடிலிற் போட்டுவிடுதல் பெருந்தவறாகும். மாசியில் அல்லது பங்குனியில் அறுவடை முடிந்து குடில் பூட்டப்படும்; அடுத்த காலபோகம் வரை பற்றரி கவனிப்பாரற்றுக் கிடக்கும். பயன்படுத்தாவிடினும் பற்றரி தானே மெல்ல இறங்கும். ஆகவே படலையும் பற்றரியையும் வீட்டுக்கு எடுத்துச் சென்று, அங்கே இணைத்து வைத்தல் வேண்டும். இயலாவிடின் மாதம் ஒருமுறையாவது நிறைய மின்னேற்றி வைத்தல் வேண்டும். களவுக்கும் இதுவே காப்பு.

7. விபத்துத் தவிர்த்தல்

பற்றரிக்கு அருகிற் குப்பி விளக்கு, சுருட்டு, நெருப்பு எதுவும் கூடாது. அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறைந்த நீராற் கழுவுக. கண்ணிற் பட்டவரைக் கழுவியபின் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. நிலத்திற் சிந்திய அமிலத்தின்மேல் அப்பச்சோடா தூவுக. இடி மின்னற் காலத்திற் படற்கம்பியைக் கழற்றிவிட்டு, கம்பத்தை விட்டு விலகியிருக்க. திறந்த வயல்வெளியிற் கம்பம் தனித்து உயர்ந்து நிற்குமாயின் மின்னல் அதனையே நாடக்கூடும்.

பற்றரி மின்னை உயரழுத்தமாக மாற்றி, வயலைச் சுற்றியுள்ள கம்பியிற் பாய்ச்சுதல் எக்காரணங் கொண்டும் ஆகாது. அது விலங்கை மட்டுமன்றி அயல் வயற்காரரையும் கொல்லும். பழுதான பற்றரியை உடைத்து ஈயம் எடுப்பதோ, கிணற்றருகே வீசுவதோ நஞ்சிடுதலாகும். விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்க.

8. நினைவிற் கொள்ள வேண்டியவை

முதலிற் கணக்கு, பின்னர் கடை. மாரியின் வெயிலுக்கே படலை அளவிடுக. பற்றரியிற் பாதியை எப்பொழுதும் மீதி வைக்க. உருகியின்றி ஒரு குமிழும் எரியலாகாது. புதிய கருவி ஒன்று குடிலுக்கு வருமுன் பழைய கடதாசியை எடுத்து மீண்டும் கூட்டிப் பார்க்க; கூட்டுத்தொகை மிஞ்சுமாயின் அக்கருவிக்கு முன்னர் படலும் பற்றரியும் பெருகுதல் வேண்டும். குளத்தின் அளவறிந்து விதைப்பவர்க்கு வயல் விளையும். பற்றரியின் அளவறிந்து எரிப்பவர்க்கு விளக்கு மாரி முழுதும் எரியும்.